ஊறல் தண்ணீர்க் குட்டை

“மில்லு ஆரம்பிச்ச வருஷத்துலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் எவ்வளவு வாயு வெளிய விட்டிருப்பீங்க, ஐயா?”

அந்த ஆபீசர் இப்படிக் கேட்டதும், பக்கத்தில் நின்ற எங்கள் பாய்லர்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். எனக்கும் சிரிப்பு முட்டியது. ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பதில் வரும் என்று உட்கார்ந்திருந்தார்.

கீழப்பழுவூருக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது எங்கள் புழுங்கல் அரிசி மில். நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து, அரைத்து மூட்டை போடுகிற வேலை. நான் படித்தது அஞ்சாவது வரைக்கும். செந்துறைப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்தவன். மழை பெய்தால் சோறு, இல்லாவிட்டால் கூழ் என்று வளர்ந்தவன் இன்றைக்கு லாரி லாரியாக அரிசி அனுப்புகிறேன் என்றால் அது யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. இந்தப் பேச்சை எடுத்தாலே என் மனைவி, “ஆரம்பிச்சிட்டீங்களா?” என்பாள். ஆரம்பிக்காமல் என்ன? நான் சொல்லாவிட்டால் வேறு எவன் சொல்லப் போகிறான்?

ஆபீசரை அனுப்பியது எங்களிடம் அரிசி வாங்குகிற கம்பெனி. இட்லி மாவு, இடியாப்ப மாவு என்று பாக்கெட் போட்டு ஊர் ஊராக விற்கிறவர்கள். எங்கள் அரிசியில் பாதிக்கு மேல் அவர்களுக்குத்தான் போகிறது. அவர்களைப் பிடித்து வந்தது என் மகள். திருச்சியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து மில்லை எடுத்து நடத்துகிறவள். அரிசி மாதிரியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஆபீஸ் வாசலில் அவள் விடாமல் உட்கார்ந்திருந்ததால்தான் அந்த ஆர்டர் கிடைத்தது. இப்போது அவர்கள் புதிதாக ஒன்று சொல்லியிருந்தார்கள். தங்களுக்குச் சரக்கு தருகிற ஒவ்வொரு மில்லும் பூமியைச் சூடாக்குகிற வாயுவை வருஷா வருஷம் எவ்வளவு விடுகிறது என்று கணக்கெடுப்பார்களாம். அந்தக் கணக்கு வருஷத்துக்கு வருஷம் இறங்கி வருகிற மில்லோடு மட்டும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களாம். ஏறினால் கும்பிடு போட்டுவிடுவார்கள்.

“அப்பா, அவர் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கதை வேணாம்” என்று மகள் காலையிலேயே சொல்லிவைத்திருந்தாள்.

“புகைய எந்தத் தராசுல தம்பி போடுவீங்க?” என்று ஆபீசரைக் கேட்டேன்.

“புகைய நிறுக்க வேணாங்கய்யா. என்ன எரிச்சீங்க, எவ்வளவு எரிச்சீங்கன்னு தெரிஞ்சா போதும். இன்ன எரிபொருள் இவ்வளவு எரிஞ்சா இவ்வளவு வாயுன்னு கணக்கு இருக்கு. கண்ணுக்குத் தெரியற கரும்புகை வேற, இது வேற. இது தெரியவே தெரியாது.”

தெரியாத ஒன்றைக் கணக்குப் போடுகிறான் என்றால் அது சின்ன விஷயமா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மகள் என்னைப் பார்த்த பார்வையில் ‘கதை வேணாம்’ இருந்தது. ஆனால் பழைய வருஷத்துக் கணக்கு அவளுக்கு எப்படித் தெரியும்? என் தலைக்குள் அல்லவா இருக்கிறது.

எனக்கு வருஷம் நினைவிருப்பது எரித்ததை வைத்துத்தான். முதலில் சீமைக் கருவேல விறகு. வண்டி வண்டியாக வந்து இறங்கும், கையெல்லாம் முள் கிழித்திருக்கும். அப்புறம் உமி. மற்றவர்கள் உமியைச் செங்கல் சூளைக்கு விற்றுக்கொண்டிருந்தபோது, இந்தப் பக்கத்தில் உமியிலேயே பாய்லர் ஓட்டிக் காட்டியவன் நான். புகைபோக்கி அண்டங்காக்கை நிறத்தில் கக்கும். களத்தில் காய்கிற நெல்மேல் கரி விழும். அப்புறம் கரண்டு போய்ப் போய் வந்த வருஷங்கள். அப்போது பெரிய ஜெனரேட்டர் வாங்கி, டீசல் ஊற்றி ஊற்றி ஓட்டினேன். வெயிலை நம்பாமல் டிரையர் போட்டது அதற்குப் பிறகு.

நான் சொல்லச் சொல்ல ஆபீசர் தட்டிக்கொண்டே வந்தார். இன்ன வருஷம் எத்தனை லோடு, ஒரு லோடு எத்தனை நாளைக்கு வந்தது என்று கேட்டார். ஒன்றுக்கும் நான் முழிக்கவில்லை. கடைசியில் திரையைத் திருப்பிக் காட்டினார். பச்சைமலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு கோடு.

கரும்புகை கக்கின காலத்தில்தான் மலை உச்சி இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அந்த வருஷங்கள் அடிவாரத்தில் கிடந்தன. உச்சியில் நின்றது ஜெனரேட்டர் காலம்.

“இது எப்படி தம்பி? டீசல்ல அவ்வளவு புகையே வரலியே?”

“உமியிலேர்ந்து வர்ற வாயு, அந்த நெல்லுப் பயிரு வளரும்போது காத்துலேர்ந்து இழுத்துக்கிட்டதுதாங்கய்யா. அடுத்த போகத்துப் பயிரு மறுபடியும் இழுத்துக்கும். அதனால அதைத் தனிக் கட்டத்துல எழுதுவோம். டீசல் அப்படி இல்ல. பூமிக்கு அடியில அதுபாட்டுக்குக் கெடந்தத எடுத்து எரிக்கிறோம்.”

“கரண்டு?”

“நெய்வேலிப் பக்கமோ வேற எங்கயோ நிலக்கரி எரியுது. நீங்க சுவிட்ச போட்டா அதுல ஒரு பங்கு உங்க கணக்கு.”

இந்த வட்டாரத்தில் புகை என்றால் சிமெண்டு ஆலைக்கு லாரி போகிற திசையைத்தான் கை காட்டுவோம். நான் சுவிட்சைப் போட்டால் எங்கேயோ புகைகிறது என்பது எனக்குப் புதுசு. இன்னொன்று கேட்டேன். மில் வருவதற்கு முன்னால் வீட்டுக்கு வீடு நெல் அவித்தார்கள். தெருவே அடுப்புப் புகையாக இருக்கும். அந்த வேலையைத்தான் நான் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தேன். அப்படியென்றால் நான் விட்டது புதுப் புகையா, இடம் மாறி வந்த புகையா?

ஆபீசர் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தார். “நல்ல கேள்விங்கய்யா. வீட்டு அடுப்பு வேற கணக்குல வரும். அது கொறைஞ்சு, மில்லுக் கணக்கு ஏறியிருக்கும். நாடு முழுக்க அரிசி, சர்க்கரை, எண்ணெய், பால், பிஸ்கட்டுன்னு உணவுத் தொழிற்சாலைங்க கணக்கப் போட்டா கோடு ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. வீட்டுல செஞ்சதையெல்லாம் இப்ப பாக்கெட்டுல வாங்கறோம்ல?”

“எங்க வூட்லயே இப்ப மாவு பாக்கெட்டுதான்” என்றேன்.

“அரிசி மில்லுக்காரர் வூட்லயா?”

“அதை ஏன் கேக்கறீங்க” என்று மகள் பேச்சை வெட்டினாள். ஜெனரேட்டரை இப்போது தொடுவதே இல்லை என்பதால் கோடு இறங்கித்தான் இருந்தது. அவள் முகம் தெளிந்திருந்தது. ஆபீசர் லேப்டாப்பை மூடப் போனார்.

அத்தோடு அனுப்பியிருக்கலாம். எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தவர் என் கைவேலையில் பெரியதைப் பார்க்காமல் போவதா?

“வாங்க தம்பி, பின்னாடி ஒண்ணு காட்டறேன்.”

நெல்லைப் பச்சைத் தண்ணீரில் ரெண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டால் வருகிற நாற்றம் அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஆரம்பத்தில் அதை வாய்க்காலில்தான் விட்டுக்கொண்டிருந்தேன். தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதற்காகவே மில்லுக்குப் பின்னால் நானே நின்று ஆள் வைத்துக் குட்டை வெட்டினேன். அகலமாக வெட்டினால் நாற்றம் பரவும். ஆழமாக வெட்டினால் அடங்கும். இது என் யோசனை. அதோடு தினமும் பாய்லர் சாம்பலைக் கூடை கூடையாக மேலே தூவச் சொன்னேன். வாடை அமுங்கிப்போகும். அதற்கப்புறம் ஒருத்தன் வாய் திறக்கவில்லை.

ஆபீசர் கரையில் நின்று பார்த்தார். சாம்பல் பூத்த தண்ணீரில் அங்கங்கே காற்றுக் குமிழி மொட்டுப் போலக் கிளம்பி உடைந்துகொண்டிருந்தது.

“எவ்வளவு ஆழங்கய்யா?”

“மூணு ஆள் ஆழம்!” என்றேன். நெஞ்சு நிமிர்ந்துதான் சொன்னேன். “உள்ள எறங்கி வெட்டுனவன் தலையே மேலேர்ந்து தெரியாது.”

அவர் முகம் மாறியது. அங்கேயே லேப்டாப்பைத் திறந்து தட்டினார். திருப்பிக் காட்டினார். இறங்கி வந்த கோடு இப்போது திரை உச்சிக்கே ஏறி நின்றுகொண்டது. ஜெனரேட்டர் உச்சியெல்லாம் அதற்கு முன்னால் வரப்பு மாதிரி ஆகிவிட்டது.

“ஆழமான தண்ணிக்கு அடியில காத்து போகாதுங்கய்யா. காத்தில்லாம அழுகினா மீத்தேன்னு ஒரு வாயு வரும். சாண எரிவாயு மாதிரி. அது பூமிய ரொம்பச் சூடாக்கும். ஆழம் கூடக்கூட இதுவும் கூடும்.”

 ஆபீசரின் கார் மெயின் ரோடு ஏறியதும் மகள் என் பக்கம் திரும்பினாள்.

“உங்கள யாருப்பா குட்டைக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னா? அவரு கேட்டாரா?”

“நம்ம குட்டைதானே புள்ள, காட்டினா என்ன?”

“என்னவா? ஆர்டர் போவுது! அது போச்சுன்னா பாதி நாளு மில்லப் பூட்டிட்டு ஒக்காந்திருக்கணும். அவிக்கிறவங்க, காயவைக்கிறவங்க எல்லாரும் எங்க போவாங்க? மூணு ஆள் ஆழமாம், மூணு ஆள்!”

என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். “ஏங்க, ரெண்டு ஆள்னு சொல்லியிருந்தா கொறைஞ்சா போயிடுவீங்க?”

“வெட்டுனது மூணு ஆள். எதுக்கு ரெண்டுன்னு சொல்லணும்?”

“மறுபடியும் போன் போட்டு, தெரியாம சொல்லிட்டேன், இடுப்பளவுதான்னு சொல்லுங்க” என்றாள் மகள்.

என் வாயால் அதைச் சொல்ல மாட்டேன் என்றேன். நான் நின்று வெட்டிய குட்டையை நானே இடுப்பளவு என்பதா? அதோடு எனக்கு வேறு ஒரு குடைச்சல். அந்த மொட்டுக்குள் சாண எரிவாயு மாதிரி இருக்கிறது என்கிறானே, நிஜமாகவே இருக்கிறதா? இத்தனை வருஷம் தினமும் பார்த்த மொட்டு. அதற்குள் என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லையே.

மறுநாள் காலையில் பாய்லர்காரரைக் கூப்பிட்டேன். காலித் தண்ணீர்க் கேன் ஒன்றில் முழுக்கத் தண்ணீர் பிடித்து, அதைக் குட்டைக்குள் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடிக்கச் சொன்னேன். கேன் வாயில் ஒரு பெரிய புனல். நான் ஒரு குச்சியால் கரையோரச் சேற்றைக் கிளறினேன். குபுகுபுவென்று மொட்டுக் கிளம்பிக் கேனுக்குள் ஏறியது. உள்ளே இருந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“மொதலாளி, இந்த வயசுல நமக்கு இது தேவையா? பாக்கறவன் மீனு புடிக்கறாங்கன்னு நெனைப்பான்.”

“புடிடா பேசாம.”

தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திருகி, வெளியே எடுத்து, களத்துச் சுவர் ஓரமாக நிழலுக்குக் கொண்டு போனோம். நான் மூடியைத் திறக்க, அவர் கையை நீட்டி, நீளமான குச்சி முனையில் தீயைக் காட்டினார். புஸ் என்று ஒரு நீலச் சுடர் எழும்பி ஆடி அணைந்தது.

“ஆத்தாடி!” என்று பாய்லர்காரர் பின்னால் தாவினார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. இன்னொரு கேன் பிடித்தோம். அதுவும் எரிந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“நல்லாக் கொண்டாடுங்க” என்றாள். “நம்ம ஆர்டருக்குக் கொள்ளி வைக்கிறதுக்கு விளக்கு வேற ஏத்தறீங்க.”

சொல்லிவிட்டு அவள் போகவில்லை. மூன்றாவது கேனையும் பிடித்துப் பார்க்கச் சொல்லி நின்றாள். என் பெண்ணல்லவா?

அன்றைக்கே ஆபீசருக்கு நானே போன் போட்டேன். “தம்பி, நீங்க சொன்னது சரிதான். எரியுது. வந்து பாருங்க” என்றேன்.  “நீங்களா சொல்றீங்கன்னா நான் வந்து ஒழுங்கா அளந்துடறது நல்லதுங்கய்யா. வாய்க்கணக்குல எழுதக் கூடாது” என்றார்.

வந்தார். அளக்க ஒரு முழு மூங்கில் வெட்டி வைத்திருந்தேன். மூன்று ஆள் ஆழத்துக்குச் சின்னக் கழி போதாதே. குட்டைக்கு நடுவே போவதற்கு ரெண்டு காலி டிரம்மைக் கட்டிப் பலகை போட்டு, பாய்லர்காரரை ஏற்றிவிட்டோம். அவர் மூங்கிலை நட்டார். கொஞ்சம் போனது. நின்றது.

“தரை தட்டுது மொதலாளி.”

“கல்லாயிருக்கும். தள்ளிக் குத்து.”

தள்ளிக் குத்தினார். அங்கேயும் நின்றது. இன்னும் நாலு இடம் குத்தினார். எங்கே குத்தினாலும் மூங்கில் அவர் நெஞ்சளவுக்குமேல் நனையவில்லை. அதிலும் அடியில் ஒரு முழம் கெட்டிச் சாம்பல் சேறு. தண்ணீர் இடுப்பளவுதான்.

 யாரோ ராத்திரியோடு ராத்திரியாக வந்து என் குட்டையைத் தூர்த்துவிட்டுப் போனது மாதிரி எனக்கு இருந்தது. மகள் கரையில் நின்று சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆபீசர் மூங்கிலின் அடியை விரலால் சுரண்டிப் பார்த்தார். “இது சாம்பலாங்கய்யா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் கூடை கூடையாகத் தூவச் சொன்னது நான்தானே. மேலே பூத்தது மேலேயே நிற்குமா? உமிச் சாம்பல் லேசில் மக்காது. அது அடியில் போய்ப் படிந்து படிந்து மேடாகியிருக்கிறது. மழைக் காலத்தில் குட்டை வழிகிறதே, முன்னெல்லாம் வழியாதே என்று ஒவ்வொரு வருஷமும் கேட்டிருக்கிறேன். மழை ஜாஸ்தி என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கரையில் உட்கார்ந்தே அவர் கணக்கை மறுபடியும் போட்டார். எந்த வருஷம் முதல் வழிந்தது, எந்த வருஷம் பாய்லரைப் பெரிதாக்கிச் சாம்பல் கூடியது என்று என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். கோடு ஆரம்பத்தில் உயரத்தில் இருந்து, வருஷம் ஆக ஆக இறங்கி வந்தது. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. சாம்பல் செய்திருக்கிறது.

“ஆனா இப்பவும் வாயு வருதுங்கய்யா. இல்லேன்னு எழுத முடியாது. கொறைவுன்னு எழுதலாம்.”

“இல்லேன்னு எழுதினீங்கன்னா நானே கேன் புடிச்சுக் காட்டுவேன்” என்றேன்.

கொஞ்ச நாள் கழித்துக் கம்பெனி ஆபீஸிலிருந்து மகளுக்குப் போன் வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கிறோம். ஆனால் குட்டையைத் திரும்ப ஆழப்படுத்தக் கூடாது. பச்சைத் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போடுவதை நிறுத்தி, சுடுதண்ணீரில் சில மணி நேரத்தில் ஊறவைக்கிற முறைக்கு வர வேண்டும். அப்படிச் செய்தால் நெல் புளிக்காது, குட்டைக்குப் போகிற தண்ணீரில் அழுகுகிற சமாசாரமும் குறையும் என்றார்களாம். போனை வைத்துவிட்டு மகள் களத்துக்கு ஓடி, அவிக்கிற பெண்களிடம் கத்தியே சொன்னாள். அவர்கள் என்னைப் பார்த்து, “ஐயா குட்டை காப்பாத்திடுச்சு” என்றார்கள். காப்பாற்றியது குட்டை இல்லை, குட்டை தூர்ந்துபோனது என்று அவர்களுக்கு விளக்கப் போய் அரை நாள் வேலை கெட்டது.

சுடுதண்ணீருக்கு மாறினோம். அரிசியில் அந்தப் பழைய வாடை போய்விட்டது. அரியலூர் கடைக்காரர் ஒருவர், “இப்பதான் உங்க அரிசியத் தைரியமா மோந்து பாக்க முடியுது” என்றார். இத்தனை வருஷமாக அவர் சொல்லவே இல்லை. தண்ணீர் காய்ச்ச உமி கொஞ்சம் கூடத்தான் ஆகிறது. அதை ஆபீசரிடம் கேட்டேன். அது தனிக் கட்டம் என்றார். தனிக் கட்டம் என்று சொல்லிச் சொல்லியே ஒரு நாள் அந்தக் கட்டம் நிரம்பிவிடாதா என்று கேட்டேன்.  விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். நானும் விடப்போவதில்லை.

இதற்கிடையில் திருமானூர்ப் பக்கத்தில் மில் வைத்திருக்கிற ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவரும் அதே கம்பெனிக்கு அரிசி கொடுக்கிறவர். தொழிலில் எனக்குப் போட்டி. வாசலிலேயே சத்தம் போட்டார்.

“ஏன்யா, உனக்கு வேற வேலை இல்லியா? உன் குட்டையக் காட்டப்போயி இப்ப எல்லா மில்லுலயும் குட்டைய அளக்கறேன்னு கெளம்பிட்டானுங்க. அடுத்த வாரம் என்கிட்ட வரான்.”

“வரட்டும். உன் குட்டை எவ்வளவு ஆழம்?”

“அது யாருக்குத் தெரியும்?”

எனக்கு அதுக்கப்புறம் இருப்புக் கொள்ளவில்லை. மறுநாளே மூங்கிலை வண்டியில் கட்டிக்கொண்டு, பாய்லர்காரரையும் கூட்டிக்கொண்டு திருமானூருக்குப் போனேன். அந்த மில்காரர் சாம்பலைக் குட்டையில் போடுவதில்லை, செங்கல் சூளைக்கு அனுப்பிவிடுகிறார் என்பதை வழியிலேயே விசாரித்து வைத்திருந்தேன். பாய்லர்காரர் கரையோரமாக நின்று மூங்கிலை இறக்கினார். போனது. போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு, இன்னும் தரை தட்டாத மூங்கிலின் நுனியைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

மில்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “சொல்லுய்யா, ஆர்டர் போயிடுமா?”

போகாது, சுடுதண்ணீருக்கு மாறு, குட்டையை மேடாக்கு, அந்த ஆபீசர் நல்ல மனுஷன், முன்கூட்டியே செய்ய ஆரம்பித்துவிட்டோம் என்று சொன்னால் கேட்பார் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். எங்கள் மில்லில் தொட்டியை எப்படி மாற்றினோம் என்று வந்து பார்க்கவும் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் திரும்பத் திரும்ப அந்தத் தண்ணீருக்குத்தான் போனது. அவ்வளவு ஆழத்தை எப்படி வெட்டினான் இவன்?